மகள் நம்பரில் பார்த்த வேலை

அன்றைக்கு ஆபீசில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால் எங்கள் வக்கீல் ஐயா. அவருக்கு எதிரே மாரீஸ்வரி. அந்த வருஷம் சட்டப் படிப்பை முடித்துவிட்டு எங்களிடம் தொழில் பழக வந்துகொண்டிருந்த பெண். பீரோ ஓரமாக, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்ற அவளுடைய அம்மா குருவம்மாள், எம். புதுப்பட்டிக்காரர், பட்டாசுக் கம்பெனியில் வேலை. வாசலுக்குப் பக்கத்தில் அந்தக் கம்பெனியின் கணக்கப்பிள்ளை. ஆட்களை வேலைக்குச் சேர்ப்பதும் கூலி கொடுப்பதும் அவர் பொறுப்பு. ஐந்தாவது ஆள் நான், குமாஸ்தா, கம்ப்யூட்டருக்கு முன்னால். இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்கு நடந்ததைப் பிற்பாடு ஊரில் பல விதமாகச் சொன்னார்கள். நானும் அங்கே இருந்தேன் என்று சொன்னவர்களை எல்லாம் கூட்டினால் எங்கள் மாடி இடிந்து விழுந்திருக்கும்.

ஆபீசுக்கு ஜூனியராகப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே, ரிட்டயர் ஆன என்னிடம் நீங்கள் கேட்டதற்காகத்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவனிடம், சட்டம் படித்தவர்கள் வந்து, எந்தப் பக்கம் போனால் பிழைக்கலாம் என்று கேட்பது எனக்கு எப்போதும் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் வருஷா வருஷம் புதிதாக வருகிறவர்கள் கேட்கத்தான் செய்கிறீர்கள். ஐயாவிடம் கேட்கப் பயம், என்னிடம் பயமில்லை, அவ்வளவுதான். நான் பார்த்ததைச் சொல்கிறேன். சிலர் நீதிபதித் தேர்வுக்குப் போனார்கள். சிலர் பேங்கில் சட்ட அதிகாரியானார்கள். சிலர் அரசு வழக்கு நடத்தப் போனார்கள். பட்டாசு லைசென்ஸ், தீப்பெட்டி லேபிள் என்று கம்பெனி வேலையாகவே பார்த்து வீடு கட்டினவர்களும் உண்டு. ஒரு தம்பி எல்லாப் பரீட்சைக்கும் சேர்த்துப் புத்தகம் வாங்கினார். இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், இந்த வருஷம் எப்படியும் அண்ணாச்சி, என்பார். எல்லாருக்காகவும் நான் கவலைப்பட்டிருக்கிறேன். கவலைப்படுவது எனக்குத் தொழில் மாதிரி. வாய்தா தேதியை எழுதிவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் திரும்பி வந்து பூட்டைத் திறந்து இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போகிறவன் நான்.

எந்த வழி நல்ல வழி என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் எந்த வழியாகப் போனாலும் வாசலில் ஒருவன் நின்றுகொண்டு, நீ யார், இதுவரை என்ன செய்தாய், எழுதிக் கொடு என்பான். அந்த இடத்தில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியும். மாரீஸ்வரிக்கு அந்த வாசல் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டது.

அவளுக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. வெளிநாட்டு ஒப்பந்தங்களை வாசித்துத் திருத்துகிற வேலை. போனில் இன்டர்வியூ, பிறகு நேரில் ஒரு தடவை. அந்தக் கட்டடத்தின் வாசல் கதவு கண்ணாடி என்றும், பக்கத்தில் போனதும் தானாகத் திறந்தது என்றும் குருவம்மாளிடம் சொல்லியிருக்கிறாள். அவர் அதை என்னிடம் வந்து சொன்னார். சும்மா சொல்லவில்லை, இரண்டு கையையும் விரித்துக் காட்டிச் சொன்னார். தீப்பெட்டியிலும் பட்டாசிலுமாகக் காலம் ஓட்டிய குடும்பம் அது. அவர்கள் தெருவில் சட்டம் படித்த முதல் ஆள் அவள்தான்.

வேலையில் சேர்க்கிறதுக்கு முன்னால் இப்போதெல்லாம் ஆளைப் பற்றி விசாரிக்கிறார்களே, அந்த விசாரணையில்தான் சிக்கியது. உங்கள் பி.எஃப். நம்பரைப் பார்த்தோம், கல்லூரியில் முழுநேரம் படித்ததாகச் சொல்கிற ஐந்து வருஷமும் நீங்கள் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்ததாகப் பணம் கட்டப்பட்டிருக்கிறது, இரண்டில் எது உண்மை, திங்கட்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தாருங்கள் என்று மெயில் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்ததை அவள் சனிக்கிழமை காலையில் அழாத முகத்தோடு கொண்டுவந்து காட்டினாள். அழாத முகம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அழுது முடித்த முகம் வேறு மாதிரி இருக்கும்.

விஷயம் இதுதான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த லீவில் அவள் அந்தக் கம்பெனியில் கிப்ட் பாக்ஸ் அடைக்கப் போனாள். அப்போது அவள் பேரில் பி.எஃப். நம்பர் போட்டார்கள். பிறகு கல்லூரிக்குப் போய்விட்டாள். குருவம்மாளுக்கு ஆதாரில் வயசைத் தப்பாகப் பத்து வருஷம் கூட்டிப் போட்டிருந்தார்கள். காகிதத்தில் அறுபது தாண்டியவரைக் கம்பெனியில் சேர்க்க மாட்டார்கள். அதைத் திருத்த அவரிடம் பிறந்த தேதிக்கு எந்தச் சான்றும் இல்லை. மகள் நம்பர் சும்மாதானே கிடக்கிறது, அதில் வந்துட்டுப் போ என்றார் கணக்கப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் இப்படி ஆள் மாற்றிப் போவது தப்பு என்று யாரும் நினைப்பதில்லை. அக்கா நம்பரில் தங்கச்சி, மருமகள் நம்பரில் மாமியார். ஆள் வந்தால் சரி.

ஐந்து வருஷமும் குருவம்மாள் மாரீஸ்வரியாகவே வேலை பார்த்தார். சனிக்கிழமை கூலிக் கவரில் அந்தப் பேர். கையெழுத்தும் அந்தப் பேர். செக்கிங் வந்து பேர் கேட்டால் அந்தப் பேரைத்தான் சொல்ல வேண்டும். கூட வேலை பார்க்கிற பெண்கள் விடுவார்களா? வக்கீலுக்குப் படிக்கிற புள்ளைக்கு இம்புட்டு நரையா, பரீட்சைக் கவலையோ, என்று கேட்டுச் சிரிப்பார்களாம். இவரும், ஆமா, வர்ற வருசம் கோட்டு மாட்டிருவேன், அப்ப பேசுங்கடி என்பாராம். மாரீஸ்வரிதான் இதை எனக்குச் சொன்னாள்.

அன்றைக்கு ஆவணி மழை. சீசன் நேரத்தில் மழை பெய்தால் மருந்து காயாது, வேலை நின்றுவிடும். அதனால்தான் குருவம்மாளால் வர முடிந்தது, கணக்கப்பிள்ளையாலும். சேதி எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. வரும்போதே கம்பெனி லெட்டர்பேடில் ஒரு கடிதம் டைப் பண்ணி, சீல் வைத்து, மழையில் நனையாமல் இருக்கச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. இதை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். குருவம்மாளுக்கு வேறு எவரும் வேலை தராதபோது தந்தவர் அவர்தான்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனி முதலாளியின் பட்டாசு லேபிளை வேறொருவர் காப்பியடித்த வழக்கு ஒன்று எங்கள் ஆபீசில்தான் இருந்தது. வருஷத்தில் பாதி வாடகை அதிலிருந்துதான் வந்தது என்றால் உங்களுக்குப் புரியும். கணக்கப்பிள்ளை படியேறும்போதே நான் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். ஐயா எல்லாரையும் உட்காரச் சொன்னார். பிறகு, கம்பெனிக்கும் நான்தான் வக்கீல், இந்தப் பிள்ளையும் என் ஜூனியர், அதனால் இதில் யாருக்கும் நான் யோசனை சொல்லக் கூடாது, வேறு வக்கீலைப் பார்க்க வேண்டுமென்றால் இப்போதே போன் பண்ணித் தருகிறேன் என்றார். நல்ல நேரம் பார்த்துக் கையைக் கழுவுகிறாரே என்று எனக்கு அப்போது தோன்றியது. மாரீஸ்வரி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

இருந்த வழிகள் மூன்று. நான்தான் வேலை பார்த்தேன் என்று எழுதலாம். அப்படி எழுதினால் கல்லூரி வருகைப் பதிவு பொய் என்றாகும், பட்டத்துக்கே கேள்வி வரும், வக்கீலாகப் பதிவு செய்கிற இடத்திலும் வரும். அது கிடையாது. இரண்டாவது, கணக்கப்பிள்ளை கொண்டுவந்த கடிதம். கோடை விடுமுறைக்குப் பிறகு அந்த நம்பரில் பணம் கட்டியது எழுத்தரின் தவறு, அந்தக் காலத்தில் அந்த நம்பரில் எவரும் வேலை செய்யவில்லை என்று அதில் இருந்தது. கீழே ஒரு ஓரத்தில், இதைச் சரி என ஒப்புக்கொள்கிறேன் என்று மாரீஸ்வரி கையெழுத்துப் போட இடம். மூன்றாவது, உள்ளதை உள்ளபடி எழுதுவது. மகளுடைய நம்பரில் அம்மா வேலை பார்த்தார் என்று எழுதினால் சென்னைக் கம்பெனி என்ன நினைக்குமோ தெரியாது. இங்கே குருவம்மாளுக்கு வேலை போகும் என்பது மட்டும் நிச்சயம்.

எனக்கு அந்தக் கடிதம் பிடித்திருந்தது. மறைக்காமல் சொல்கிறேன். சீல் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, ஸ்கேன் பண்ணி அனுப்பினால் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். பிள்ளை கண்ணாடிக் கதவுக்குள் போய்விடும்.

கணக்கப்பிள்ளையும் அதையே சொன்னார். "ஒரு கையெழுத்துத்தான் தாயி. போட்டுட்டு மெட்ராசுக்கு வண்டியேறு. ஒங்க அம்மா பாட்டுக்கு வேற புள்ள நம்பர்ல வந்துட்டுப் போகட்டும். யாருக்கும் நட்டமில்ல."

மாரீஸ்வரி பேனாவைத் திறந்துவிட்டாள். அப்போது ஐயா, "வாசிச்சாச்சா?" என்று கேட்டார். அதட்டவில்லை. சாப்பிட்டாச்சா என்பது போலத்தான் கேட்டார்.

எங்கள் ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. உங்களுக்கும் இந்நேரம் சலித்துப் போயிருக்கும். எந்தக் காகிதமும் வெளியே போவதற்கு முன்னால், ஜூனியர் எழுந்து மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்று, எதிராளியின் வக்கீலாகத் தன்னை நினைத்துக்கொண்டு அதை வாசித்து, கேள்வி கேட்க வேண்டும். வாடகை ரசீதாக இருந்தாலும் சரி. மாரீஸ்வரி எத்தனையோ தடவை செய்திருக்கிறாள். யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. பேனாவை மூடிவிட்டு, எழுந்து, மேசையைச் சுற்றி ஐயாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கடிதத்தை ஒரு முறை மனசுக்குள் வாசித்தாள். பிறகு நிமிர்ந்து, எதிரே நிற்கிற குருவம்மாளைப் பார்த்தாள்.

"பேரு?"

"ஏ, வெளாடாத புள்ள."

"பேரு சொல்லுங்க."

குருவம்மாள் என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

"குருவம்மா."

"எங்க வேலை பாக்கீக?"

"இந்தா, இவுக கம்பெனிலதான்."

"என்ன வேலை?"

"சக்கரத்துக்கு மருந்து அடைக்கேன்."

"எம்புட்டு நாளா?"

"நீ காலேசுக்குப் போனதுலருந்து."

"கம்பெனி ரிஜிஸ்தர்ல ஒங்க பேரே இல்லியே. நாளைக்கு அந்த மருந்து ரூம்ல தீப்பிடிச்சு ஒங்களுக்கு ஒண்ணுன்னு வச்சுக்கோங்க. நீங்க அங்கன வேலை பாத்தீகங்கிறதுக்கு யாரு சாட்சி?"

"நீதான் சாட்சி."

குத்திக் காட்டிச் சொல்லவில்லை. வழி கேட்டவர்களுக்கு வழி சொல்வது போலச் சொன்னார்.

அடுத்த கேள்வி என்ன என்பது இந்தத் தொழிலில் இருக்கிற நம் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சாட்சியே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டதாக வைத்து, அந்தக் கடிதத்தை எடுத்து நீட்ட வேண்டும். இதில் இருப்பது உங்கள் மகள் கையெழுத்துத்தானா என்று கேட்க வேண்டும். வழக்கு அத்தோடு முடிந்தது. மாரீஸ்வரி கையில் கடிதம் இருந்தது. அவள் நீட்டவில்லை.

அதில் என்னதான் எழுதியிருக்கிறது என்று குருவம்மாள் கேட்டார். நீ அங்கே வேலையே பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறது என்றாள் மகள்.

"எழுதிட்டுப் போறாக. எம்பேரு எங்கன இருந்துச்சு, இப்ப அழிக்கிறதுக்கு? நீ கையெழுத்தப் போடு."

மாரீஸ்வரி கடிதத்தை மடித்தாள். கணக்கப்பிள்ளையிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். இது வேண்டாம் மாமா, உள்ளதை எழுதிக்கிறேன் என்றாள். அவர் அதை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அப்படியானால் உங்க அம்மாவை இனிமேல் என்னால் உள்ளே விட முடியாது, எனக்கும் மேலே ஆள் இருக்கிறது என்றார். மிரட்டல் இல்லை அது. அவருக்கு அது வருத்தம்தான். குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகுதான் குருவம்மாளுக்குக் கோபம் வந்தது. ஐயா இருக்கிறார் என்றும் பார்க்கவில்லை. "நான் போய்ட்டு வந்தது ஒனக்காக. எனக்குன்னு நீ ஒண்ணத்தையும் கெடுத்துக்கிட வேண்டாம். சாட்சியாம் சாட்சி. ஒன்னயச் சாட்சி சொல்லவா படிக்க வச்சேன்?" என்றார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. பெற்றவர்கள் பிள்ளைகளுக்காக வைத்திருக்கிற ஆசையைப் பிள்ளைகளே தட்டிவிடும்போது, யார் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மாரீஸ்வரி விளக்கம் எழுத உட்கார்ந்தாள். இங்கிலீஷில் அவளே அடித்தாள். அம்மாவின் வாக்குமூலம் தமிழில் வேண்டும், அதை நான் அடித்தேன். அரை மணி நேரம் கழித்துக் குருவம்மாள் தானாகவே உள்ளே வந்தார். என்ன எழுதியிருக்கிறீர்கள், வாசிங்க அண்ணாச்சி என்றார். வாசித்தேன். என் மகளின் எண்ணில் நான் வேலை செய்தேன், கூலியை நானே வாங்கினேன் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். மகளுக்குத் தெரியாமல் போனேன் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்.

என் விரல் போய்விட்டது. ம என்று ஆரம்பிக்கவே செய்தேன். யாருக்குக் கெடுதல், பிள்ளை தப்பிக்கட்டுமே என்றுதான்.

"ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று ஐயா மாரீஸ்வரியைக் கேட்டார்.

"தெரியும்."

"அப்ப அதப் போடுங்க," என்று என்னிடம் சொன்னார். போட்டேன். மகளுக்குத் தெரிந்தே போனேன். இந்த மூன்று சொல்லை அடிக்க எனக்கு நேரம் பிடித்தது.

பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துக்கு நீட்டினேன். குருவம்மாள் பேனாவைப் பிடித்து, காகிதத்தை நேராக்கி, மெதுவாக எழுத ஆரம்பித்தார். மா என்று எழுதினார். ரீ எழுதப் போகும்போது கை நின்றது. ஐந்து வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் போட்டுப் போட்டு, கை அந்தப் பேரைத்தான் எழுதியது. அவர் தலையைத் தூக்கவில்லை. பழக்கம் விட்டுப்போச்சு அண்ணாச்சி என்று மட்டும் சொன்னார். நான் வேறு தாள் எடுத்து வந்தேன். மாரீஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். இரண்டாவது தாளில் குருவம்மாள் தன் பேரை எழுதினார். எழுதியதை விரலால் தொட்டு, மை காய்ந்துவிட்டதா என்று பார்த்தார்.

சென்னைக் கம்பெனி அடுத்த வாரமே பதில் போட்டது. உங்கள் நேர்மையை மதிக்கிறோம், தற்சமயம் மேற்கொண்டு செல்ல இயலவில்லை என்று இரண்டு வரி. திட்டி எழுதியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். ஐயா அந்த மாசமே லேபிள் வழக்குக் கட்டை முதலாளிக்குத் திருப்பி அனுப்பிவிட்டார், கம்பெனிக்கு எதிராகக் குருவம்மாளுக்கு ஆஜராக வேண்டும் என்பதற்காக. கையைக் கழுவுகிறார் என்று நான் நினைத்தேனே, அவர் கழுவியது கம்பெனிப் பணம் வாங்கின கையை.

மாரீஸ்வரி வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு எங்கள் ஆபீசிலேயே இருந்தாள். அரசு தரப்பில் வழக்கு நடத்துகிற வேலைக்குத் தேர்வு எழுத வேண்டுமென்றால் ஐந்து வருஷம் கோர்ட்டில் நின்றிருக்க வேண்டும். அந்த ஐந்து வருஷத்தைப் பற்றித்தான் நான் உங்களுக்கு உண்மையில் எழுத நினைத்தேன். ஆனால் எழுத அதில் ஒன்றும் இல்லை. கோர்ட் முடிந்து சாயங்காலம் வருவாள். நான் டீ வாங்கி வைத்திருப்பேன். அவளுக்கு வாய்விட்டு வாசித்தால்தான் மனசில் நிற்கும். தீர்ப்புகளை வாசிப்பாள், இங்கிலீஷில் ஒரு பத்தி, பிறகு அதைத் தமிழில் தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். நான் கட்டுகளுக்குக் கயிறு போடுகிற மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். கொலைக்கும் மரணம் விளைவித்த குற்றத்துக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான். அத்தனை வருஷம் அந்தப் புத்தகங்களைத் தூசி தட்டியிருக்கிறேன், பைண்டிங்குக்குக் கொடுத்து வாங்கியிருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தர் எனக்கு வாசித்துக் காட்டியது அப்போதுதான். அவள் எனக்காக வாசிக்கவில்லை. ஆனாலும் நான் இருக்கிறேன் என்று தெரிந்து, சில நாள் புரியாத இடத்தை இரண்டு தடவை தமிழில் சொல்வாள். குரல் வேகமாகிவிட்டால் மெதுவாக என்று நான் கை காட்டுவேன்.

ஒரு நாள், நீங்க படிச்சிருந்தா எந்தப் பக்கம் போயிருப்பீக அண்ணாச்சி என்று கேட்டாள். கயிறு தீர்ந்துவிட்டது, கடைக்குப் போய் வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். இப்போது கேட்டால் சொல்வேன். ஐயாவின் மேசைக்கு ஏதாவது ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பேன் தாயி.

தேர்வில் தேறினாள். வடக்கே ஓசூர்ப் பக்கம் போஸ்டிங். அங்கேயும் பட்டாசு இருக்கிறதாம், போன் பண்ணும்போது சொன்னாள். கோர்ட்டில் நிற்கும்போது குரல் இன்னும் வேகமாகிவிடுகிறது, நீங்கள் இருந்தால் மெதுவாக என்று கை காட்டுவீர்கள் என்றாள். அவள் எழுந்து நின்று, அரசு தரப்பில் என்று ஆரம்பிப்பதை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பஸ்ஸில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார என் இடுப்பு கேட்கவில்லை. ரிட்டயர் ஆனபிறகு பகலில் வீட்டில் இருக்கப் பழகவில்லை எனக்கு. சாயங்காலம் ஐந்து மணி ஆனால் டீ வாங்கப் போகத் தோன்றுகிறது. யாருக்கு வாங்குவது?

கம்பெனிக்குப் போனாலும் ஆபீசிலேயே இருந்தாலும், உங்கள் பேரில் எங்கே எந்த நம்பர் கிடக்கிறது என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். அதில் உங்கள் வீட்டில் யாராவது உழைத்துக்கொண்டிருந்தால் அவர்களைக் கோபிக்காதீர்கள். முதலில் அவர்கள் எந்த ரூமில் வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். இதற்கு மேல் சொல்ல எனக்குப் படிப்பு போதாது.

குருவம்மாள் மகளோடு ஓசூருக்குப் போகவில்லை. பழகாத ஊர் என்கிறார். வெம்பக்கோட்டைப் பக்கம் மக்காச்சோளக் காட்டில் களையெடுக்கப் போகிறார். மழை இல்லாத வருஷம் அதுவும் இல்லை. மகள் மாசா மாசம் அனுப்புகிறாள், அதைத் தொடுவதில்லை. என்னுடையதை வாங்கித் தாருங்கள் என்றுதான் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். ஐந்து வருஷம் அவர் கூலியில் பிடித்த பணமும், கம்பெனி தன் பங்காகக் கட்டிய பணமும் மாரீஸ்வரி பேரில் கிடக்கிறது. அவளே எடுத்துக் கொடுத்துவிடலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். எடுக்க வேண்டுமென்றால் அது தன் உழைப்பு என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். அவள் போட மாட்டாள். குருவம்மாள் பேருக்கு மாற்ற வேண்டுமென்றால், வேலை பார்த்தவர் அவர்தான் என்று கம்பெனி ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதைக் கேட்டு நாங்கள் போட்ட வழக்கில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவகாசம் கேட்கிறார்கள்.

ஐயாவுக்கு இப்போது படி ஏற முடிவதில்லை. அடுத்த வாய்தாவுக்கு உங்களில் ஒருவர்தான் குருவம்மாளுக்காக எழுந்து நிற்க வேண்டும். கட்டு பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு வர வேண்டியது, வட்டி சேர்க்காமல், ஐம்பத்தோராயிரத்து நானூற்று முப்பது ரூபாய்.